ஃபோர்ட்நைட் என்றால் எத்தனை ராத்திரி?

"கோட்டைக்கு வரச் சொல்றானா? அதுவும் ராத்திரில? பொம்பளப் புள்ளய?"

நைனா தறிக்குழியிலிருந்து காலை வெளியே எடுத்துவிட்டார். சேலை பாதியில் நிற்க அப்பா எழுந்து நான் பார்த்ததே இல்லை. கையில் தறி நாடா அப்படியே இருந்தது. தறிக்கும் அவருக்கும் நடுவே ஊடை நூல் இழுபட்டுக்கொண்டு நின்றது.

என் கையில் ஒரு பழுப்பு உறை. சற்றுமுன்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன். அம்மா மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த கையோடு "இன்னாடி, இன்னாடி?" என்று வாங்கிப் பார்த்ததில், உறையின் மூலையில் மஞ்சளாய் ஒரு கட்டைவிரல் பதிந்துவிட்டது.

போன வாரம் நான் எழுதிய எங்கள் வீதித் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் படித்த ஒரு வாசகி, "எல்லாம் சரி, தறிக்காரர் வீட்டுப் பெண் டெலிபோன் ஆபரேட்டர் ஆனது எப்படி? அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே" என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கதை இந்த உறையில்தான் ஆரம்பிக்கிறது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். வைகாசி பிறந்திருந்தது. எனக்கு இருபது வயது.

வேலூரில் பயிற்சியில் சேரச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. இந்த உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 'விதின் எ ஃபோர்ட்நைட்' நேரில் வந்து சேர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். அதற்குத்தான் நைனா எழுந்தார்.

நைனா அறிந்த இங்கிலீஷ்

நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். எங்கள் ஊர் ஆரணியில் ஒரு கோட்டை உண்டு. கோர்ட்டு, கச்சேரி வேலையாக வருகிறவர்கள் அதை 'ஃபோர்ட்' என்பார்கள். அது அவருக்குத் தெரியும். மாதம் ஒரு தரம் சினிமாவுக்குப் போவார். அதனால் 'நைட் ஷோ' தெரியும்.

அவர் அறிந்த பத்து வார்த்தைகளில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்து மகளின் வேலைக் கடிதத்தில் வந்து உட்கார்ந்தால் அவர்தான் என்ன செய்வார்?

"ஆபீசுன்னா பத்து மணிக்கு வரச் சொல்லுவான். ராத்திரில கோட்டைக்கு வரச் சொல்றவன் எவன்?" என்றார். "அந்த வேல நமக்கு வேணாம்மே."

எனக்கும் அந்த வார்த்தை தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷை முட்டி மோதித் தாண்டியவள். ஆனால் வேலூர் உத்தரவில் ஆரணிக் கோட்டைக்கு என்ன வேலை என்ற அளவுக்கு யோசிக்க முடிந்தது. "மாமாவ கேக்கலாம் நைனா" என்றேன்.

வீதியே நம்பிய மனிதர்

மாமா என்றால் என் அக்கா கஸ்தூரியின் கணவர் தணிகாசலம். எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. வீதியில் அவருக்கு 'இங்கிலீஷ் தணிகாசலம்' என்றுதான் பெயர்.

இளம் வயதில் பெங்களூரில் பட்டு நூல் கடை ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தார். திரும்பி வரும்போது ஒரு கால்சட்டையும் நிறைய 'யெஸ்', 'நோ', 'ஆல்ரைட்'டும் கொண்டு வந்தார். கால்சட்டை அடுத்த ஆடி மாதத்துக்குள் கிழிந்துபோனது. இங்கிலீஷ் நிலைத்துவிட்டது. கடிதமோ தந்தியோ எது வந்தாலும் முதலில் அவரிடம்தான் போகும். முள்ளிப்பட்டிலிருந்துகூட சைக்கிளில் வந்து படித்துக் கேட்டுப் போவார்கள்.

மாமா உத்தரவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணும் பேஜார் இல்ல மாமா. இத்த போய் கோட்டைன்றீங்களே" என்று நைனாவைப் பார்த்துச் சிரித்தார். "இது ஃபார்ட்டி நைட். நாப்பது ராத்திரி. நாப்பது ராத்திரிக்குள்ள வந்து சேருன்னு எழுதிகீறான்."

"நாப்பது நாள்னு எழுத மாட்டானா?"

"வெள்ளக்காரன் ராத்திரியத்தான் எண்ணுவான். அவன் ஊர்ல பகல் கம்மி."

நான் மெதுவாக, "மாமா, ஃபார்ட்டின்னா கடைசில ஒரு 'ஒய்' வரணுமே" என்றேன்.

"டைப் அடிக்கிறவன் வுட்டுட்டுகீறான். அவனும் மனுசன்தான?"

அதோடு விஷயம் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அக்காவுக்கு அது நிறை மாதம். நாற்பது நாள் என்றால் பிரசவத்துக்குக் கூட இருந்து, குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் கடவுளே பார்த்துக் கொடுத்த தவணை என்றார்கள்.

உழக்கில் ஒரு ஹலோ

அடுத்த பன்னிரண்டு நாள் நான் மிதந்துகொண்டிருந்தேன். இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். அரிசி அளக்கும் உழக்கைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, நம்பர் ப்ளீஸ்" என்று பழகினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, "அரக்கிலோ துவரம்பருப்பு" என்பாள்.

உத்தரவின் இரண்டாம் பக்கத்தில், அரசாங்க டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று, கெஜட்டட் அதிகாரிகள் இருவரிடம் நன்னடத்தைச் சான்று என்று பட்டியல் இருந்தது. அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். நாற்பது ராத்திரி இருக்கிறதே, என்ன அவசரம்?

ரவிக்கை வாங்கப் போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், பஸ் நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் வசந்தா உட்கார்ந்திருந்தாள். களம்பூர் அரிசி மில் லாரி டிரைவரின் மகள். நேர்முகத் தேர்வில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள்.

"நீ எப்பவோ சேந்திருப்பேன்னு நெனச்சேன். இன்னும் இங்கதான் சுத்திகினு கீறியா?" என்றாள்.

"எனக்கின்னா, இன்னும் இருவத்தெட்டு நாள் கீதே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருவத்தெட்டா? உனுக்கு ஆர்டர் எப்ப வந்திச்சி?"

"போனதுக்கு முந்தின வியாழக்கெழம."

"ஐயோ, நாளன்னிக்கோட முடியுதேடி! ஃபோர்ட்நைட்டுன்னா ரெண்டு வாரம். எங்க மில்லு கணக்குப்புள்ள அத்த அடிக்கோடு போட்டுக் குடுத்தாரு."

அவள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலில் தலையை நீட்டி, "ஜல்தியா வந்துடுடி!" என்று கத்தினாள். நான் ரவிக்கையை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

நூலகத்தில்

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "களம்பூர் கணக்குப்புள்ளைக்கு நெல்லு மூட்ட தெரியும். இங்கிலீஷ் இன்னா தெரியும்?" என்றார்.

அக்காதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "லைப்ரரில பெரிய டிக்சனரி கீதுன்னு சொல்லுவியேடி ஈஸ்வரி. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்களேன். வாயால எதுக்குச் சண்ட?"

நூலகர் கதவைச் சாத்தும் நேரம். கெஞ்சிக் கேட்டதும் செங்கல் மாதிரி ஓர் அகராதியைத் தூக்கி வந்து வைத்தார். மாமாவின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. அந்த விரலில் நூல் முக்கிய சாயத்தின் பச்சை ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் நின்றது. பதினான்கு இரவுகள், அதாவது இரண்டு வாரம் என்று அதில் போட்டிருந்தது. பழைய காலத்தில் பதினான்கு ராத்திரி என்று சொன்னதே சுருங்கி இப்படி ஆனதாம்.

விரல் அங்கேயே இருந்தது. நூலகர் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார்.

வெளியே வந்ததும் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏறவில்லை. "ஈஸ்வரி" என்றார். "நாளைக்கி, நாளன்னிக்கி. ரெண்டு நாள் கீது இல்ல? நான் உன்ன கொண்டுபோய்ச் சேக்கிறேன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நைனா திட்டவில்லை. "ரெண்டு வாரம்னா ஒரு சேல ஆவுற நேரம். 'ஒரு சேலைக்குள்ள வா'ன்னு எழுதியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும்" என்றார்.

இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. எங்கள் வீதியில் காலத்தை அப்படித்தான் சொல்வோம். "அவன் கல்யாணம் ஆகி மூணு சேல ஆச்சு", "அந்த மழ பேஞ்சது நாலு சேலைக்கு முன்ன." பின்னாளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ இங்கிலீஷ் நேர வார்த்தைகளைக் கேட்டுவிட்டேன். 'ஜஸ்ட் எ மினிட்' என்பவர் கால் மணி நேரம் வரமாட்டார். 'ஷார்ட்லி' என்று சொன்ன வியாபாரியின் சரக்கு தீபாவளிக்குத்தான் வரும். சேலைக் கணக்கு மட்டும் ஒருநாளும் பெரிதாகப் பிசகியதில்லை.

அக்கா என் பெட்டியில் துணி மடித்து வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. "உன் பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேனே" என்றேன்.

"புள்ள அதும்பாட்டுக்குப் பொறக்கும். வேல அப்டி வருமா? போடி."

மாட்டைத் தெரிந்த டாக்டர்

புதன்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் போயிற்று. கண், காது, எடை என்று ஒவ்வொரு வரிசையாக நின்று டாக்டரிடம் உடல் தகுதிச் சான்றும், அவரே கெஜட்டட் அதிகாரி என்பதால் ஒரு நன்னடத்தைச் சான்றும் வாங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு சான்று வேண்டும். தாசில்தார் கிராமக் கணக்கு பார்க்கும் ஜமாபந்திக்குப் போயிருந்தார். தலைமை ஆசிரியர் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். கெஜட்டட் அதிகாரி கையெழுத்து என்றால் பச்சை மைதான்; மிச்சம் இருந்த ஒரே பச்சை மைப் பேனா மாட்டு டாக்டருடையது. அவர் படவேட்டில் கோமாரி ஊசி போடும் முகாமில் இருந்தார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மாமாவும் நானும் பெட்டியோடு படவேடு போனோம். ஜவ்வாது மலை நீலமாகத் தெரிந்தது. ஏரிக்கரையில் நூறு மாடாவது நிற்கும். மூத்திர வாடையும் பினாயில் வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. டாக்டர் கையில் ஊசியோடு எங்களைப் பார்த்தார்.

"உங்களை எனக்கு மூணு வருஷமாத் தெரியும்னு எழுதணும். எனக்கு உங்களைத் தெரியுமா?"

மாமா முந்திக்கொண்டார். "ஆரணில எங்க பக்கத்து ஊட்டு மாட்டுக்கு கன்னு வயித்துல குறுக்க நின்னப்ப வந்தீங்களே சார். அப்ப கயித்த புடிச்சிகினு நின்னது இந்தப் பொண்ணுதான்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அந்தச் செவலையா? அதை நல்லா ஞாபகம் இருக்கே! கன்னு என்ன ஆச்சு?"

"ஜோரா கீது சார். இப்ப அதுவே செனையா கீது."

"அப்படியா! கொண்டாங்க பேனாவை" என்றவர், வரிசையில் நின்ற பன்னிரண்டு மாடுகளை முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவிக் கையெழுத்துப் போட்டார். என் நன்னடத்தைக்கு ஒரு செவலைப் பசு பிணை நின்றது.

ஆனால் திரும்பும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது மாலையில்தான். மாமா ரோட்டில் குறுக்கே நின்று, வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்றை மறித்தார். சந்தவாசல் வரை தார்களின்மேல் உட்கார்ந்து போனோம். என் காகிதங்களில் வாழைக்கறை படக்கூடாது என்று உறையை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையில் முதுகு முழுக்கக் கறை.

பதினைந்தாவது ராத்திரி

சந்தவாசலில் பஸ் பிடித்து வேலூர் ஆபீசுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி மூன்றுக்கு மேல். கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் என் உத்தரவையும் தபால் ரசீதுத் தேதியையும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"வியாழன் ஒண்ணு, வெள்ளி ரெண்டு..." கடைசியில், "புதன் பதினாலு. நேத்தோட முடிஞ்சுபோச்சேம்மா" என்றார்.

மாமாவின் கை என் உறையிலிருந்து நழுவியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அதுவரை எந்த அதிகாரியிடமும் 'சார்' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசியவள் இல்லை நான்.

"சார், நீங்க பகல எண்றீங்க. அந்த வார்த்தைக்கு ராத்திரிய எண்ணணும் சார். பதினாலு ராத்திரின்னு டிக்சனரில போட்டுகீது. அந்த வியாழக்கெழம ராத்திரி ஒண்ணு. நேத்து புதன் ராத்திரி பதினாலு. பதினஞ்சாவது ராத்திரி இன்னும் வரல சார். வெளிய பாருங்க, வெயில் அடிக்குது."

உள் மேசையிலிருந்து அதிகாரி அம்மா ஒருவர் எழுந்து வந்தார். ஒடிசலான உடம்பு, பெரிய கைக்கடிகாரம். தாளை வாங்கிப் பார்த்தார்.

"உத்தரவு கைக்கு வந்த நாளைக் கணக்குல சேர்க்க வேண்டாம். இந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு தெளிவாப் பேசுற குரல் கிடைக்காம எவ்வளவு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? சேர்ந்ததுக்கு எழுதிக் கொடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தரும் சிரித்துவிட்டார். தேதிக்குப் பக்கத்தில் 'ஏ.என்.' என்று போடச் சொன்னார். மாமா பின்னாலிருந்து, "ஏ.என்.னா இன்னாங்க சார்?" என்று கேட்டார்.

'ஆஃப்டர்நூன்' என்றார் எழுத்தர். மாமா தலையாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று அவர் இன்னொருவரைக் கேட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

மாமா சொன்னது

பஸ் நிலைய ஹோட்டலில் பூரி சாப்பிட்டோம். நாள் முழுக்க இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"நான் எட்டாவதுதான் ஈஸ்வரி" என்றார் மாமா, பூரியைப் பார்த்துக்கொண்டு. "பெங்களூர்ல நூலு மூட்ட மேல ஒட்டிகீற சீட்ட படிப்பேன். அவ்ளோதான் என் இங்கிலீஷ்."

"அப்ப தந்தி எல்லாம்?"

"தந்திக்காரன் மூஞ்சிய பாப்பேன். சாவுன்னா அவன் சைக்கிள வுட்டு எறங்கி நிப்பான். நல்ல சேதின்னா எறங்கவே மாட்டான்."

நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "உன் வேல போயிருந்தா நான் எந்த மூஞ்சில உங்கக்காவ பாப்பேன்?" என்றார். நான் என் பூரியில் பாதியைப் பிய்த்து அவர் இலையில் வைத்தேன்.

அடுத்த வாரமே அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வேலூர் விடுதியில் நானும் வசந்தாவும் சீனி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம்.

முனியம்மாவின் கடிதம்

மூன்று மாதம் கழித்து லீவில் ஊருக்கு வந்தேன். மாமா குழாயடியில் நின்று வீதிக்கே சொல்லிவிட்டாராம்: "எனக்குப் பாதி தெரியாதுபா. இனிமே ஈஸ்வரியாண்ட கேளுங்க."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வந்த மறுநாளே எதிர்வீட்டு முனியம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் மகன் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருந்தான். நான் பயிற்சியில் கற்ற குரலில், திருத்தமாக, ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தேன். நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர், சாப்பாடு பரவாயில்லை, இப்படிக்கு. அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நாலாவது வீட்டுக்கு நடந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கேட்டேவிட்டேன். "நான் படிச்சது புரியலியா?"

"புரிஞ்சுது கண்ணு. ஜோரா படிக்கிற. ஆனா நீ படிச்சா சேதி மட்டுந்தான் கீது. உங்க மாமாவாண்ட போனா, மொதல்ல உக்கார வெச்சி தண்ணி குடுப்பாரு. 'அம்மா'ன்னு எழுதிகீற எடத்துல கொஞ்சம் நிப்பாரு. எம்புள்ள எதுர்ல குந்திகினு பேசறாப்போல இருக்கும்."

அடுத்த கடிதம் வந்தபோது நானும் பின்னாலேயே போனேன். மாமாவின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு நிதானமாய்ப் படித்தார். "'அம்மா...' உன் ஒடம்ப பாத்துக்கோ. இங்க எது சாப்டாலும் உன் கைக் களியும் கருவாட்டுக் கொழம்பும்தான் ஞாபகம் வருது."

முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "சின்ன வயசுலருந்தே களின்னா உயிரு அவனுக்கு" என்றார்.

நான் மாமாவின் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். தாள் முழுக்க எனக்கு நன்றாகத் தெரிந்தது. களி, கருவாடு என்று அதில் ஒரு வரியும் இல்லை. மாமா தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"படிங்க மாமா" என்றேன்.